இருபத்தேழு வாக்கியங்கள்

அத்தியாயம் 6

“செத்துப்போன பெட்டியில என்னம்மா துப்பறியப் போறே?” என்று ஒருமுறை அவளிடம் ஒரு இன்ஸ்பெக்டர் கேட்டார். போலீஸ் கம்ப்யூட்டர் பிரிவு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு அவள் வெளியே வந்த நாள் அது. அங்கே அவளுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். அவள் கைக்குப் போன எதிலும் கல் தனியாக, அரிசி தனியாக வந்துவிடும் என்பதால் அப்படி. இப்போது அதுவே அவள் தொழில். செத்துப்போன டிஸ்குகளிலிருந்து, மக்கள் தொலைத்ததைத் தேடி எடுத்துக் கொடுப்பாள். கடையின் அகலம் எட்டு அடி. உதவிக்கு ஒரே ஒரு ஆள்.

அந்த ஆளுக்கு வயது நாற்பத்தாறு. இருபது வருடம் டெலிபோன் கம்பங்களில் ஏறி இறங்கியவர். வாய் ஓயாது என்பதால் ஊரே அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடும்.

“பாஸ், நாலு பேரும் வரிசையா மேஜைமேல படுத்திருக்காங்க. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டைச் சொல்லுங்க,” என்றார் ரேடியோ.

மேஜைமேல் இருந்தவை நான்கு டிஸ்குகள். பைல்களைச் சேமித்து வைக்கும் ஒரு வீட்டு சர்வர் பெட்டியிலிருந்து கழற்றியவை. போன செவ்வாய்க்கிழமை அந்தப் பெட்டி நின்றுபோனது. அதோடு ஒரு பெண்ணின் குரலும் போனது.

அந்தப் பெண் நீச்சல் கோச். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு குரல் லேப், அவரை ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்யச் சொன்னது. குறைந்தது முந்நூறாவது இருந்தால், அவர் எழுதுவதை அவர் குரலிலேயே பேசும் ஒரு சின்ன மெஷினைச் செய்து தருவார்கள். கோச்சம்மா ஆறே நாளில் அத்தனையையும் வாசித்து முடித்தார். லேப்டாப்பில் இடம் போதாததால் எல்லாம் நேராக அந்தப் பெட்டிக்குள்ளேயே போனது. காயம் ஆறவும், கதிர்வீச்சு முடியவும், லேபில் முறை வரவும் எட்டு மாதம் ஆனது. இதோ, வரும் திங்கட்கிழமை அவர் முறை. பெட்டி அதற்குள் முந்திக்கொண்டது.

“ஒண்ணும் மூணும் நல்லா இருக்கு,” என்றாள் சல்லடை. “நாலாவது உள்ளுக்குள்ள தேய்ஞ்சு பொடியாயிடுச்சு. அதை யாராலயும் படிக்க முடியாது. ரெண்டாவது நல்லாத்தான் இருக்கு. ஆனா அது எப்பவோ வரிசையை விட்டு விலகிடுச்சு. விலகின நிமிஷத்தோட அப்படியே நின்னுடுச்சு.”

“கோவிச்சுக்கிட்டு வீட்டைவிட்டுப் போன மாப்பிள்ளை மாதிரி. ஆளு உயிரோட இருக்கான். ஆனா அப்புறம் வீட்ல நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது.”

“அதேதான். நாலுல எந்த மூணு இருந்தாலும் மிச்சத்தைக் கணக்குப் போட்டு எடுத்துடலாம். ஒண்ணு, மூணு, இந்த மாப்பிள்ளை. மூணு பேரையும் சேர்த்து உட்கார வெச்சேன். மாப்பிள்ளை வீட்ல இருந்தவரைக்கும் நடந்தது மட்டும் வந்துச்சு.”

“எவ்வளவு?”

“இருபத்தேழு வாக்கியம்.”

ரேடியோ விரல் விட்டு எதையோ எண்ணினார். “என் வீட்ல எனக்கு மூணே வாக்கியம்தான் பாஸ். சரி, ஆமாம், இதோ போறேன். இருபத்தேழுல ஒரு குடும்பத்தையே நடத்தலாம்.”

“‘நாளை மழை வராது’, ‘நீல நிறக் கதவு பூட்டியிருக்கிறது’. இந்த மாதிரி இருபத்தேழு. இதை வெச்சு ஒரு டம்ளர் தண்ணிகூடக் கேட்க முடியாது. லேபுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். முந்நூறுக்குக் கீழே முடியாதாம்.”

வெளியே ஒரு லாரி பின்னோக்கி வந்து தெருவை அடைத்தது. அதன் சத்தம் ஓய்ந்ததும் சல்லடை தொடர்ந்தாள்.

“ரெண்டாவது டிஸ்க் விலகினது பதிவு ஆரம்பிச்ச முதல் நாள். விலகினா இந்த ரகப் பெட்டி கத்தும். பின்னாடி ஒரு பொத்தான் இருக்கு. அதை யாராவது அழுத்தற வரைக்கும் விடாம பீப், பீப்னு கத்தும். அந்த வீட்ல ஒருத்தர்கூட அந்தச் சத்தத்தைக் கேட்கலைங்கறாங்க.”

“எல்லாரும் செவிடா?”

“யாரோ கேட்டிருக்காங்க. யாரோ அழுத்தியிருக்காங்க. அர்த்தம் தெரிஞ்ச ஆளா இருந்தா, அழுத்திட்டு அடுத்தது என்ன செய்வார்?”

“ஓடுவார்.”

“நகல் எடுப்பார். கோச்சம்மாவோட பையன் வாங்கினது அஞ்சு டிஸ்க். பெட்டிக்குள்ள நாலு. அஞ்சாவதோட அட்டைப்பெட்டி மட்டும் அலமாரியில காலியா இருக்காம். அஞ்சாவது டிஸ்க் எங்கே?”

ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்தார். “இருங்க. அந்த வீட்ல எல்லாரும் உண்மை பேசினா நம்ம கதை முடிஞ்சுது. எவனாவது ஒருத்தன் பொய் சொன்னா, அவன்கிட்ட நகல் இருக்கு. பொய்யன் கிடைச்சா அந்தம்மாவுக்குக் குரல் கிடைக்கும்.”

“ஆமா.”

“நல்ல மனுஷங்களா இருந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுப் போற முதல் கேஸ் இதுதான். கிளம்புங்க.”

*

வீடு நான்காவது மாடியில். கதவைத் திறந்தவர் கோச்சம்மாவின் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்காமல், அவர் அணிந்திருக்கும் கண்ணாடி நேராக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அவருக்கு. ஜன்னல் ஓரத்தில் மகன் நின்றிருந்தான். லிப்ட் மெக்கானிக். வேலைக்குப் போகும் வழியில் தங்கியவனைப்போலத் தோளில் கருவிப் பையை இன்னும் இறக்கி வைக்காமல் இருந்தான். அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்ப்பதைத் தவிர்த்து எட்டு நாள் ஆகியிருந்தது.

“பெட்டி இவன் வாங்கினது, இவன் மாட்டினது,” என்றார் கண்ணாடிக்காரர். “‘ஒண்ணு போனாலும் ஒண்ணும் ஆகாதுப்பா, அதுக்குத்தான் நாலு’ன்னு சொன்னவனும் இவன்தான். பொத்தான் எங்கே இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா.”

“அந்த வாரம் முழுக்க நான் வெளியூர்ல ஒரு ஆஸ்பத்திரி லிப்ட் வேலையில இருந்தேன் மேடம்,” என்றான் மகன்.

“மறுவாரம் வந்தேல்ல? அப்ப அழுத்தியிருப்பே. மணி அடிச்சா நிறுத்தறதுதானே உன் தொழில்?”

“லிப்ட்ல மணி அடிச்சா உள்ளே மாட்டிக்கிட்ட ஆளை வெளியே எடுப்பேன். வீட்லயே இருந்துக்கிட்டுக் காதுல விழலைன்னு சொல்ல மாட்டேன்.”

“உங்கம்மா குரலைக் கொன்னவன் நீதான்டா!”

மேஜையில் பட்டென்று ஒரு சத்தம். கோச்சம்மா எழுது பலகையால் ஓங்கி அடித்திருந்தார். ஆறடி உயரம், அகலமான தோள், கழுத்தில் இறுக்கமில்லாமல் சுற்றிய பருத்தித் துணி. நூறு பிள்ளைகள் குதித்துக்கொண்டிருக்கும் குளத்தை ஒரே அதட்டலில் அமைதியாக்கியவர். பின்னால் ஆணியில் அவருடைய விசில் தொங்கியது. அதையும் இனி ஊத முடியாது. மூச்சு வாய் வழியே வருவதில்லை, கழுத்துத் துளை வழியே போய்விடுகிறது. குளத்தில் இறங்கவும் முடியாது, தண்ணீர் அதே வழியில் உள்ளே வந்துவிடும்.

அவர் பலகையில் எழுதிக் காட்டினார். ‘சண்டை போட ரெண்டு பேருக்கும் குரல் இருக்கு. எனக்கு யாருன்னு மட்டும் தெரியணும்.’

“தெரிஞ்சா என்ன செய்வீங்கம்மா?” என்று கேட்டாள் சல்லடை.

‘மன்னிக்க மாட்டேன்.’

எழுதியதை உள்ளங்கையால் அழித்துவிட்டு அவரே எழுந்து அவர்களைத் துணி அறைக்குக் கூட்டிப் போனார்.

ஜன்னலில்லாத சின்ன அறை. மூன்று பக்கமும் துணிகள் தொங்கின. எதிரொலி வராது என்பதால் அங்கேதான் பதிவு நடந்தது. சர்வர் பெட்டி கீழ்த்தட்டில், ஸ்வெட்டர்களுக்கும் டிராக் சூட்டுகளுக்கும் நடுவே. முன்பக்கச் சிவப்பு விளக்கை ஒரு டிராக் சூட்டின் கால் முழுதாக மறைத்திருந்தது. பொத்தான் பின்னால், முழங்கால் உயரத்தில். ரேடியோ அதைப் பார்க்கக் குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“குற்றவாளிக்கு இடுப்பு வலி இல்லை பாஸ். நான் நிரபராதி.”

கோச்சம்மாவின் தோள் குலுங்கியது. சத்தமில்லாத சிரிப்பு. அது நின்றதும் சல்லடை கேட்டாள். “உட்கார்ந்து வாசிச்சீங்களா?”

‘நின்னுதான். உட்கார்ந்தா எனக்கு மூச்சே வராது.’

“கூட யாராவது இருந்தாங்களா?”

‘யாரையும் விடல. கதவைச் சாத்திக்கிட்டேன். வெட்கம்.’

“பீப் சத்தம்?”

அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு எழுதினார். ‘ஞாபகமே இல்ல. அந்த வாரம் எனக்கு என் பயத்தைத் தவிர எதுவும் கேட்கல.’

வெளியே வரும்போது படிக்கட்டில் ரேடியோ குசுகுசுத்தார். “அப்பா பொய் சொல்ற மாதிரி இல்ல. பையனும் இல்ல. நமக்கு நேரம் சரியில்ல பாஸ், எல்லாரும் யோக்கியனா இருக்காங்க.”

*

மறுநாள் காலை பத்து மணிக்குள் சல்லடை ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

இருபத்தெட்டாவது வாக்கியத்திலிருந்து எதுவும் முழுதாக இல்லை. ஆனால் அடியோடு இல்லாமலும் போகவில்லை. ஒன்றாம் டிஸ்கிலும் மூன்றாம் டிஸ்கிலும் துண்டு துண்டாகக் கிடந்தது. முக்கால் விநாடிக் குரல், பிறகு ஓட்டை, பிறகு முக்கால் விநாடி. எலி கடித்த துணிபோல.

“இதை ஒட்டுப்போட்டு லேபுக்குக் குடுக்க முடியாதா?” என்றார் ரேடியோ.

“முடியாது. நான் இதுல அவங்க குரலைத் தேடலை. பின்னாடி கேட்கற சத்தத்தைத் தேடறேன்.”

அவள் ஒலிபெருக்கியைப் போட்டாள். இருபத்தெட்டு. குரலுக்குப் பின்னால் மெல்லிதாக ஒரு பீப். இருபத்தொன்பதில் இரண்டு. முப்பதிலும் இருந்தது. முப்பத்திரண்டிலிருந்து கடைசிவரை ஒன்றுகூட இல்லை.

“அப்போ முப்பத்தொண்ணுல அழுத்தியிருக்கான்! மாட்டிக்கிட்டான்! போடுங்க பாஸ்.”

அந்த நேரம் கண்ணாடிக்காரர் படியேறி வந்தார். கையில் ஒரு பென்டிரைவ். “அந்த இருபத்தேழையாவது இதுல போட்டுக் குடுங்கம்மா. என்ன வாக்கியமா இருந்தாலும் பரவால்ல,” என்றார். ரேடியோ அவருக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். சல்லடை ஒரு விநாடி தயங்கினாள். அவளுக்குத் தேவையான பொய்யன் இவராகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்துக்கொண்டே முப்பத்தொன்றைப் போட்டாள்.

“வெள்ளைப் பூ…” பீப்.

ஓட்டை.

“…ச்சே, இது வேற…” பீப்.

ஓட்டை. துணிகள் உரசும் சத்தம். மூச்சு மைக்கைவிட்டுத் தள்ளிப் போயிருந்தது. கீழே எங்கோ இருந்தது.

ஓட்டை. அமைதி. பீப் இல்லை. திரும்பி நெருங்கி வரும் மூச்சு.

ஓட்டை.

“…ம், இப்ப சரி…”

ரேடியோதான் முதலில் பேசினார், தணிந்த குரலில். “வேற யாராவது உள்ளே வந்து அழுத்தியிருக்கலாமே?”

“அவ யாரையும் உள்ளே விடல,” என்றார் கண்ணாடிக்காரர். அவர் தன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். “நான் வெளியில பாய் விரிச்சு உட்கார்ந்திருந்தேன், ஆறு நாளும். உள்ளே என்ன நடந்தாலும் துணி எல்லாத்தையும் முழுங்கிடும். ‘ம், இப்ப சரி’. வேலையை முடிச்சா இப்படித்தான் சொல்லுவா. பிள்ளைக்குத் தலை சீவினாலும் இதுதான்.”

பதிவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக, குரல் போகப்போகிறது என்று எச்சரித்த சத்தத்தைக் கோச்சம்மாவே அணைத்திருந்தார்.

“அவங்களுக்கு நகல் எடுக்கத் தெரியுமா சார்?” என்று கேட்டாள் சல்லடை. பதில் தெரிந்த கேள்வி. ஆனாலும் கேட்டாள்.

“போட்டோ அனுப்பவே என்னைக் கூப்பிடுவா.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு. மைக் ஸ்டாண்ட் சின்னது. அவங்க உயரம். நின்னு வாசிச்சிருக்காங்க. கீழே எதை முட்டுக் குடுத்தாங்க?”

“அவ வாங்கின ஷீல்டுங்க ரெண்டு, ஒரு பழைய அகராதி. மேலே எதையோ துண்டுல சுத்தி வெச்சிருந்தா. கனமா இருந்தா ஆடாதுன்னு சொன்னா.” சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. அவருக்கும் புரிந்துவிட்டது.

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். “அந்த முப்பத்தொண்ணாவது பதிவை அழிச்சிடுங்கம்மா. அவ கேட்கக் கூடாது.”

“சரி சார்.”

“இல்ல, அழிக்காதீங்க. எனக்கு மட்டும் குடுங்க.”

*

துணி அறையின் மூலையில் அந்தத் துண்டு இன்னும் சுற்றியபடியே இருந்தது. சல்லடை கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் பிரித்தாள். வெள்ளி நிற உறை. ஓரத்தில் கம்பெனி ஒட்டிய முத்திரை, கிழியாமல். ஐந்தாவது டிஸ்க் ஒரு நாள்கூட வேலை செய்திருக்கவில்லை.

ரேடியோ ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் துண்டை நான்காக மடித்து, எட்டாக மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

கூடத்தில் கோச்சம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மகன் வாசற்படி அருகே, அதே பையுடன். சல்லடை பென்டிரைவை மேஜையில் வைத்தாள். “இதுல இருபத்தேழு இருக்கும்மா. இதுக்குமேல வராது. நான் தேட வேண்டிய இடம் இனிமே எதுவும் இல்ல.”

கோச்சம்மா அதைத் தொடவில்லை. பலகையைத் திருப்பினார். முன்பே எழுதி வைத்திருந்தார். ‘யார்?’

சல்லடை வாயைத் திறந்தாள்.

“நான்தான்,” என்றார் கண்ணாடிக்காரர்.

மகன் தலையைத் திருப்பினான்.

“முதல் நாள் நீ சாப்பிட வெளியே வந்தேல்ல, அப்ப உள்ளே போனேன். என்னமோ கத்திக்கிட்டிருந்துச்சு. உனக்குத் தொந்தரவா இருக்குமேன்னு பின்னாடி தடவிப் பார்த்தேன். கைக்கு ஒண்ணு தட்டுப்பட்டுது, அழுத்தினேன். அப்புறம் மறந்தே போச்சு. நேத்துதான் ஞாபகம் வந்துச்சு.” அவர் மனைவியைப் பார்த்து ஒரே மூச்சில் சொன்னார். கடையிலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

கோச்சம்மா அவரையே பார்த்தார். எழுதினார். ‘நீங்களா? டிவி ரிமோட்டையே தலைகீழாப் பிடிக்கற ஆளு.’

“ஆமா. அதான் இப்படி ஆச்சு.”

கோச்சம்மா பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எழுதியதைக் கணவருக்கு மட்டும் தெரியும்படி சாய்த்துப் பிடித்தார். பக்கவாட்டில் நின்ற சல்லடைக்கும் அது தெரிந்தது.

‘விடுங்க. எனக்காகத்தானே செஞ்சீங்க.’

கண்ணாடிக்காரர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கோச்சம்மா அவர் முழங்கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“மேடம்.” மகன் கூப்பிட்டான். அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “நீங்க அதைக் கேட்டீங்கதானே? பதிவுல? அப்பாதானா?”

சல்லடை அவனைப் பார்த்தாள். எட்டு நாளாக அவன் வாங்கிய ஏச்சு அத்தனையும் அந்தக் கேள்வியில் இருந்தது. ஒரு வார்த்தை போதும், அப்பாவும் மகனும் மறுபடி பேசிக்கொள்வார்கள். ‘இல்லை’ என்ற அந்த வார்த்தை கோச்சம்மாவின் காதிலும் விழும். கணவரை மன்னித்தவரால் தன்னை ஒருநாளும் மன்னிக்க முடியாது.

ரேடியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா,” என்றாள் சல்லடை. “அப்பாதான்.”

மகன் பையின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டான். அப்பாவின் பக்கம் ஒரு அடி வந்தான். எல்லோரும் அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் அதற்காக முகத்தை நிமிர்த்திக்கூட வைத்துக்கொண்டார். திட்டு வாங்கத் தயாராக, கிட்டத்தட்ட ஆசையாக.

அவன் திரும்பினான். செருப்பை மாட்டினான். கோச்சம்மா எழுந்து கை நீட்டினார். கூப்பிட முடியாமல் மேஜையில் இரண்டு முறை தட்டினார். மூன்றாவது முறை தட்டுவதற்குள் அவன் லிப்டைத் தாண்டிப் படியில் இறங்கத் தொடங்கியிருந்தான்.